அசெம்பிளியில் எழுதிய ஸ்மார்ட் கான்ட்ராக்டைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த அசெம்பிளியைப் பற்றிய பக்கம் இது?

எத்தீரியம் பிளாக்செயினில் ஸ்மார்ட் கான்ட்ராக்டுகளை (சங்கிலியில் வைத்த நிரல்களை) ஓட்டும் மெய்நிகர் எந்திரமான இவிஎம்முக்கு எழுதும் அசெம்பிளி. சாலிடிட்டி என்ற மேல்நிலை மொழியின் நிரலுக்கு நடுவே ஒரு அசெம்பிளி தொகுதியைத் திறந்து யூல் என்ற இடைநிலை மொழியில் நாலு வரி எழுதுபவர்கள், கான்ட்ராக்ட் முழுவதையும் யூலிலேயே எழுதுபவர்கள், ஹஃப் மொழியில் ஆப்கோடுகளை (இவிஎம்மின் அடிப்படைக் கட்டளைகளை) ஒவ்வொன்றாக அடுக்குபவர்கள் என எல்லோருக்கும் இது பொருந்தும். சோதனைக் கருவியாக ஃபவுண்ட்ரியை வைத்துப் பேசுகிறேன். வேறு கருவி பயன்படுத்தினாலும் யோசனை ஒன்றுதான்.

சாலிடிட்டி கான்ட்ராக்டைச் சோதிப்பதிலிருந்து இது எந்த வகையில் வேறு?

சாலிடிட்டி கம்பைலர் நீங்கள் கேட்காமலேயே பல வேலைகளைச் செய்துவிடுகிறது. 0.8.0 பதிப்பிலிருந்து கூட்டல், கழித்தல் எல்லை மீறினால் நிறுத்திவிடும். பூஜ்யத்தால் வகுத்தால் நிறுத்தும். அழைப்போடு வந்த உள்ளீட்டுத் தரவான கால்டேட்டா போதிய நீளம் இருக்கிறதா என்று பார்க்கும். முகவரி என்று வந்த 32 பைட்டில் மேலே உள்ள 12 பைட்டும் பூஜ்யமா என்று பார்க்கும். பணம் வாங்காத ஃபங்ஷனுக்கு யாராவது ஈதர் அனுப்பினால் திருப்பிவிடும். தெரியாத ஃபங்ஷனைக் கேட்டால் ரிவர்ட் செய்யும், அதாவது செய்த மாற்றங்களை ரத்து செய்து அழைப்பைத் தோல்வியாக்கும்.

அசெம்பிளியில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. கூட்டல் 2-இன் 256-ஆம் அடுக்கைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வரும். பூஜ்யத்தால் வகுத்தால் விடை பூஜ்யம், சத்தமே இருக்காது. கால்டேட்டா முடிந்த இடத்துக்கு அப்பால் படித்தாலும் பூஜ்யங்கள்தான் வரும். ஆனால் வெளி அழைப்பு திருப்பித் தந்த தரவான ரிட்டர்ன்டேட்டாவை அதன் நீளத்துக்கு அப்பால் நகலெடுத்தால் அழைப்பே செத்துவிடும். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்காதீர்கள், விதி அப்படி.

ஆகவே என்னென்ன சோதிக்க வேண்டும் என்ற பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். கம்பைலர் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகளின் பட்டியல்தான் அது. ஒவ்வொன்றையும் நீங்கள் கையால் செய்திருக்கிறீர்களா, அல்லது தேவையில்லை என்று தெரிந்தே விட்டிருக்கிறீர்களா என்பதற்கு ஒரு சோதனை வேண்டும்.

எல்லாச் சோதனையும் பச்சையாகத்தான் இருக்கிறது. இன்னும் என்ன?

அந்தச் சோதனைகளை எதில் எழுதினீர்கள்? சாலிடிட்டியில்தானே? சிக்கலே அங்குதான். நீங்கள் தவிர்த்துவிட்டு வந்த அதே கம்பைலர், சோதனை எழுதும்போது பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு இன்டர்ஃபேஸ் வைத்து ஃபங்ஷனைக் கூப்பிட்டால், கால்டேட்டாவை அதுவே அழகாகக் கட்டி அனுப்பும்: நீளம் சரியாக, முகவரியின் மேல் பைட்டுகள் சுத்தமாக, ஆஃப்செட்டுகள் ஒழுங்காக. தாக்குபவர் அப்படி அனுப்ப மாட்டார்.

அதேபோல ஒவ்வொரு வெளி அழைப்பும் துடைத்து வைத்த மெமரியுடன் தொடங்குகிறது. மெமரி பூஜ்யமாக இருக்கும் என்று தவறாக நம்பிய நிரல் சோதனையில் எப்போதும் ஜெயிக்கும். வேறு யாராவது அதே லைப்ரரியை ஒரு நீண்ட ஃபங்ஷனின் நடுவில் கூப்பிடும்போதுதான் தோற்கும்.

கால்டேட்டாவை எப்படிக் கோணலாக அனுப்புவது?

இன்டர்ஃபேஸை விட்டுவிட்டு, பைட்டுகளை நீங்களே கட்டி லோ-லெவல் அழைப்பாக அனுப்புங்கள். முதலில் நீளம். 0 பைட், 3 பைட், 4 பைட், சரியான நீளத்தில் ஒன்று குறைவு, ஒன்று அதிகம். ஃபங்ஷனை அடையாளம் காட்டும் செலக்டர் 4 பைட் என்பதால் 3 பைட் வந்தால் என்ன நடக்கிறது என்பது சுவாரஸ்யமான கேள்வி. குறைந்த பைட் பூஜ்யமாகப் படிக்கப்படும் அல்லவா, உங்கள் செலக்டர்களில் ஏதாவது பூஜ்ய பைட்டில் முடிந்தால் அந்த 3 பைட்டே அதைத் திறந்துவிடும். கேஸ் (நிரலை ஓட்டுவதற்கான கட்டண அலகு) மிச்சப்படுத்த பூஜ்யம் நிறைந்த செலக்டர் வரும்படி ஃபங்ஷன் பெயரைத் தேடிப்பிடிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

அடுத்து, முகவரியின் மேல் 12 பைட்டில் குப்பையை நிரப்பி அனுப்புங்கள். முகவரிக்கு எதிரே இருப்புத் தொகையைக் காட்டும் மேப்பிங்கின் ஸ்லாட்டை (நிரந்தர ஸ்டோரேஜில் அதற்கான 32 பைட் இடத்தை) அந்த அழுக்கான மதிப்பை வைத்துக் கணக்கிட்டால், ஒரே ஆளுக்கு எண்ணற்ற தனித்தனிக் கணக்குகள் உருவாகிவிடும். பூலியன் என்று எதிர்பார்க்கும் இடத்தில் 2 அனுப்பிப் பாருங்கள். இல்லாத செலக்டரை அனுப்புங்கள். யூலில் சுவிட்சுக்கு டீஃபால்ட் எழுத மறந்தால் நிரல் அமைதியாக முடிந்து, அழைப்பு வெற்றி என்று சொல்லும். ஹஃப்பில் இன்னும் மோசம்: செலக்டர்களை ஒப்பிட்டு முடித்தபின் ரிவர்ட் வைக்கவில்லை என்றால், அடுத்து எழுதியிருக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே வழுக்கி விழும்.

நீளம், ஆஃப்செட் என்று கால்டேட்டாவிலிருந்தே படிக்கிற எண்களுக்குத் தனிக் கவனம் தேவை. 2025 மார்ச்சில் ஒன் இன்ச் என்ற டோக்கன் பரிமாற்றச் சேவையின் பழைய ஃப்யூஷன் கான்ட்ராக்ட் வழியாகப் போன சுமார் 50 லட்சம் டாலர் இந்த வகைப் பிழைதான். கால்டேட்டாவில் வந்த ஒரு நீளத்தை யூல் நிரல் சரிபார்க்காமல் பாயின்டரோடு கூட்டியது. தாக்கியவர் பிரம்மாண்டமான நீளத்தைக் கொடுக்க, கூட்டல் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தது. எழுத வேண்டிய தரவு வேறு இடத்தில் விழுந்தது, அவர் வைத்த போலித் தரவு அசல் இடத்தில் நின்றது. இத்தகைய எண்களுக்கு 2-இன் 256-ஆம் அடுக்குக்குச் சற்றே கீழான மதிப்புகளைக் கட்டாயம் கொடுத்துப் பாருங்கள். அவைதான் கூட்டலில் கழித்தலாக மாறும்.

மெமரியை எப்படிச் சோதிப்பது?

அழுக்காக்கிவிட்டுச் சோதியுங்கள். சாலிடிட்டியின் ஏற்பாட்டில் மெமரியின் முதல் 64 பைட் கிறுக்கிப் பார்க்கும் இடம். 64-ஆம் இடத்தில் காலி மெமரி எங்கே தொடங்குகிறது என்ற பாயின்டர். 96-ஆம் இடத்தில் எப்போதும் பூஜ்யமாகவே இருக்க வேண்டிய ஒரு சொல். 128 முதல் காலி. சோதனை தொடங்கும் முன் கிறுக்கும் இடத்திலும், காலி மெமரியின் முதல் சில நூறு பைட்டுகளிலும் குப்பையைக் கொட்டுங்கள். பாயின்டரையும் 32-ஆல் வகுபடாத இடத்துக்கு நகர்த்துங்கள். சோல்மேட், சோலடி லைப்ரரிகளின் சோதனைகளில் இப்படி மெமரியைக் கெடுக்கும் மாடிஃபயர்கள் (ஃபங்ஷனுக்கு முன்னும் பின்னும் ஓடும் நிரல் துண்டுகள்) இருக்கின்றன, எடுத்துப் படித்தால் பாடம் போல இருக்கும்.

இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று. அழுக்காக்கிய பிறகு சோதிக்கும் ஃபங்ஷனை வெளி அழைப்பாகக் கூப்பிட்டால் பயனில்லை, அது தன் புது மெமரியுடன்தான் ஓடும். இன்டர்னல் ஃபங்ஷனாக, அதே சட்டகத்துக்குள் ஓட வேண்டும்.

ஓடி முடிந்ததும் மூன்றைப் பாருங்கள்: 96-ஆம் இடம் இன்னும் பூஜ்யமா, பாயின்டர் நீங்கள் எழுதி முடித்த இடத்தைத் தாண்டி நிற்கிறதா, திருப்பித் தரும் பைட் வரிசையின் நீளம் 32-இன் மடங்காக இல்லாதபோது வால் பகுதி சுத்தமாக இருக்கிறதா. அசெம்பிளி தொகுதிக்கு மெமரி-சேஃப் என்று அடையாளம் கொடுத்திருந்தால் இது கட்டாயம். அது கம்பைலருக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு. கம்பைலர் அதைச் சரிபார்க்காது, நம்பி ஆப்டிமைஸ் செய்யும்.

சரியான விடை எது என்பதற்கு எதை வைத்துக்கொள்வது?

அதே வேலையைச் செய்யும் நிதானமான சாலிடிட்டி பதிப்பு ஒன்று எழுதுங்கள். வேகம் வேண்டாம், அழகு வேண்டாம், படித்தால் புரிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே உள்ளீட்டை ஃபஸ்ஸரால் (தற்செயல் உள்ளீடுகளை உருவாக்கும் கருவியால்) அள்ளிக் கொடுத்து விடைகளை ஒப்பிடுங்கள். விடை மட்டும் போதாது: இரண்டும் ஒரே சமயத்தில் ரிவர்ட் ஆகின்றனவா, ஒரே ஈவென்ட்டுகளை வெளியிடுகின்றனவா, ஸ்டோரேஜில் ஒரே மாற்றத்தைச் செய்கின்றனவா என்றும் பாருங்கள். முடிந்தால் இந்த நிதானப் பதிப்பை வேறொருவரை எழுதச் சொல்லுங்கள். ஒரே ஆள் எழுதினால் தவறான புரிதலும் இரண்டு பிரதியாகிவிடும்.

ஃபவுண்ட்ரி ஒரு ஃபஸ் சோதனையை இயல்பாக 256 முறை ஓட்டும். அசெம்பிளிக்கு அது குறைவு. நான் எழுதும்போது 256-ம், இணைக்கும் முன் சில லட்சமும் ஓட்டுகிறேன். ஆனாலும் எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. 256 பிட் அகலமுள்ள வெளியில் குருட்டாம்போக்கில் குறிப்பிட்ட ஒரு மதிப்பில் போய் மோதுவது நடக்காத காரியம். ஃபவுண்ட்ரி எல்லை மதிப்புகளையும் பைட்கோடில் (கம்பைல் செய்து வரும் எந்திர நிரலில்) உள்ள மாறிலிகளையும் கலந்து கொடுப்பதால் ஓரளவு பிழைக்கிறது. 0, 1, 2-இன் 128-ஆம் அடுக்கு, 2-இன் 255-ஆம் அடுக்கு, அதிகபட்ச மதிப்பு ஆகியவற்றைத் தனியாகக் கையாலும் எழுதிவிடுங்கள். குறியுள்ள எண்ணாக இருந்தால், மிகச் சிறிய எதிர்ம எண்ணை -1-ஆல் வகுக்கும் சோதனையும் வேண்டும். சாலிடிட்டி அங்கே நிறுத்திவிடும், அசெம்பிளி அதே எதிர்ம எண்ணைத் திருப்பித் தரும்.

வெளிக் கான்ட்ராக்டைக் கூப்பிடும் நிரலுக்கு என்ன சோதனை?

ஒரு கதை சொல்கிறேன். 2019 ஜூலையில் ஜீரோ எக்ஸ் என்ற டோக்கன் பரிமாற்றத்தின் இரண்டாம் பதிப்பில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, கான்ட்ராக்டையே நிறுத்திவைத்தார்கள். கையொப்பத்தைச் சரிபார்க்க, கையொப்பமிட்ட வாலட் கான்ட்ராக்டையே கூப்பிட்டுக் கேட்கும் வசதி அதில் இருந்தது. அசெம்பிளியில் எழுதியவர்கள் மெமரியை மிச்சப்படுத்த, அழைப்புக்கான உள்ளீடு இருந்த இடத்திலேயே விடையையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்த முகவரியில் கான்ட்ராக்டே இல்லை, சாதாரணக் கணக்குதான் என்றால்? இவிஎம்மில் நிரல் இல்லாத முகவரியைக் கூப்பிட்டால் அழைப்பு வெற்றிதான், விடை மட்டும் எதுவும் வராது. விடை வராததால் மெமரியில் பழைய உள்ளீடு அப்படியே இருந்தது. அதைப் படித்தால் பூஜ்யம் அல்லாத மதிப்பு, ஆகவே கையொப்பம் செல்லும்! யார் பெயரில் வேண்டுமானாலும் ஆர்டரை நிறைவேற்றலாம் என்ற நிலை. நல்லவேளை, யாரும் பணம் இழக்கும் முன்பே பிடிபட்டது.

இங்கே கம்பைலர் இருந்திருந்தால் இரண்டு இடத்தில் தடுத்திருக்கும்: நிரல் இருக்கிறதா என்று பார்த்திருக்கும், வந்த விடையின் நீளத்தையும் பார்த்திருக்கும்.

ஆகவே எதிர்முனையில் போலிக் கான்ட்ராக்டுகளை வரிசையாக நிறுத்துங்கள். நிரலே இல்லாத முகவரி. எதுவும் திருப்பித் தராதது. 31 பைட் மட்டும் தருவது. 2 என்று தருவது. ரிவர்ட் செய்வது. கேஸ் முழுவதையும் தின்பது. மெகாபைட் கணக்கில் விடை அனுப்புவது. திரும்ப நம்மையே கூப்பிடுவது. டோக்கன் பரிமாற்றம் என்றால் எதுவும் திருப்பித் தராத வகையை மறக்காதீர்கள், எத்தீரியத்தில் உள்ள யுஎஸ்டிடி என்ற டாலர் டோக்கன் அப்படித்தான் நடந்துகொள்கிறது. எக்ஸ்பெக்ட் செய்த விடை வராவிட்டால் பிழை என்று கறாராக எழுதினால் அதைக் கையாள முடியாது, வராவிட்டாலும் பரவாயில்லை என்று தளர்வாக எழுதினால் நிரல் இல்லாத முகவரியும் உள்ளே வந்துவிடும். இரண்டுக்கும் சோதனை இருந்தால்தான் நடுவழி பிடிபடும்.

ரிவர்ட் ஆகிறதா என்று சோதித்துவிட்டேன், போதுமா?

எந்தக் காரணத்துக்காக ரிவர்ட் ஆனது என்று பார்த்தீர்களா? ஃபவுண்ட்ரியின் எக்ஸ்பெக்ட்ரிவர்ட்டை வெறுமனே எழுதினால் எந்தத் தோல்வியையும் ஏற்றுக்கொள்ளும். ஸ்டாக்கில் எடுக்க ஒன்றும் இல்லாமல் விழுந்தாலும், தப்பான இடத்துக்குத் தாவி விழுந்தாலும் சோதனை பச்சைதான். அனுமதி இல்லாதவரைத் தடுக்கும் சோதனை என்று நான் ஒருமுறை நினைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் அந்தப் பாதையில் ஒரு டூப் ஆப்கோடு (ஸ்டாக்கில் உள்ள மதிப்பை நகலெடுப்பது) குறைந்ததால் பாஸ் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து ஸ்டாக்கைச் சரிசெய்ததும் தடை காணாமல் போனது. எப்போதும் எர்ரரின் செலக்டரையும் தரவையும் முழுதாகக் கொடுத்து ஒப்பிடுங்கள். ஸ்டாக் பிழை போன்றவை தரவு எதுவும் தராமல், அந்த அழைப்புக்குக் கொடுத்த கேஸ் மொத்தத்தையும் விழுங்கிவிடும். முறையான ரிவர்ட் மிச்ச கேஸைத் திருப்பித் தரும். இரண்டையும் பிரித்தறிய அதுவும் ஒரு வழி.

சாலிடிட்டி ஃபங்ஷனுக்குள் யூலின் ரிட்டர்னைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் அது அந்த ஃபங்ஷனிலிருந்து திரும்புவதில்லை. வெளி அழைப்பு மொத்தமும் அங்கேயே முடிகிறது. மாடிஃபயரில் ஃபங்ஷன் முடிந்தபின் ஓட வேண்டிய பகுதி ஓடாது. மறுநுழைவுப் பூட்டு (ஓடி முடியும் முன் மறுபடி உள்ளே வருவதைத் தடுப்பது) வைத்திருந்தால் பூட்டு திறக்கப்படாமலே நின்றுவிடும். ஒரே ஃபங்ஷனை ஒரே சோதனையில் இரண்டு முறை அடுத்தடுத்துக் கூப்பிடுங்கள், தெரிந்துவிடும்.

பூட்டு டிரான்சியன்ட் ஸ்டோரேஜில் இருந்தால் ஒரு திருப்பம் உண்டு. 2024 மார்ச்சில் வந்த டென்குன் மேம்படுத்தலில் அறிமுகமான அது, டிரான்ஸாக்ஷன் முடியும்வரை நிற்கும். ஃபவுண்ட்ரியில் ஒரு சோதனை முழுவதும் இயல்பாக ஒரே டிரான்ஸாக்ஷன் போல ஓடுவதால், நிஜத்தில் தனித்தனியாக வரும் அழைப்புகளும் இங்கே ஒன்றன் மிச்சத்தை ஒன்று பார்க்கும். ஐசொலேட் முறையில் ஓட்டினால் பிரியும். இரண்டு விதமாகவும் ஓட்டுங்கள்.

ஸ்டோரேஜில் என்ன பார்க்க வேண்டும்?

எழுத வேண்டிய இடத்தில் எழுதியதா என்பதோடு, எழுதக் கூடாத இடத்தில் எழுதவில்லை என்பதையும். ஃபவுண்ட்ரியில் ரெக்கார்ட், ஆக்ஸஸஸ் என்ற சீட்கோடுகள் (சோதனைக்குள் மட்டும் கிடைக்கும் சிறப்புக் கட்டளைகள்) எந்தெந்த ஸ்லாட் தொடப்பட்டது என்ற பட்டியலைத் தரும். அந்தப் பட்டியலை எதிர்பார்ப்போடு ஒப்பிடுங்கள். ஒரே ஸ்லாட்டில் பல மாறிகளை நெருக்கி அடைத்திருந்தால், ஒன்றை மாற்றும் முன் பக்கத்து மாறிகளில் எல்லாப் பிட்டையும் 1 ஆக்கி வையுங்கள். பக்கத்து வீட்டில் பூஜ்யம் இருந்தால் மாஸ்க் தவறு கண்ணில் படாது.

ஹஃப் நிரலைச் சோதனைக்குள் எப்படிக் கொண்டுவருவது?

சோதனையின் செட்டப்பில் எஃப்எஃப்ஐ (சோதனையிலிருந்து வெளி நிரல்களை ஓட்டும் வசதி) வழியாக ஹஃப் கம்பைலரை ஓட்டி, வரும் பைட்கோடை டிப்ளாய் செய்யலாம். இதற்கென்றே ஃபவுண்ட்ரி-ஹஃப் என்ற லைப்ரரி இருக்கிறது. அப்புறம் மற்ற கான்ட்ராக்டைப் போலவேதான். மேக்ரோ எத்தனை ஸ்டாக் மதிப்புகளை எடுக்கும், எத்தனை தரும் என்று எழுதுகிறீர்களே, அதைக் கம்பைலர் சரிபார்ப்பதில்லை. வெறும் குறிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேக்ரோ ஒவ்வொன்றையும் தனியாக ஒரு சின்னக் கான்ட்ராக்டில் சுற்றி, ஸ்டாக்கின் அடியில் ஒரு அடையாள எண்ணை வைத்து, முடிந்ததும் அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

கவரேஜ் 100 சதவீதம் காட்டுகிறது...

காட்டும். அசெம்பிளியில் கிளையே இல்லாமல் எழுதுவது வழக்கம். இரண்டு எண்ணில் பெரியதைக் கண்டுபிடிக்க, ஒப்பீட்டின் விடையான 0 அல்லது 1-ஐப் பெருக்கி, எக்ஸார் செய்து முடித்துவிடுவார்கள். இஃப் என்று எதுவும் இல்லை. ஒரே ஒரு அழைப்பிலேயே எல்லா வரியும் ஓடிவிடும், கவரேஜும் நிறைந்துவிடும்.

இதற்குப் பதில் நிரலை வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். பெரியதா என்பதைச் சிறியதா என்று மாற்றுங்கள், குறியில்லா ஒப்பீட்டைக் குறியுள்ளதாக்குங்கள், 32-ஐ 31 ஆக்குங்கள், ஷிஃப்ட்டின் இரண்டு உள்ளீடுகளையும் இடம் மாற்றுங்கள், ஒரு ரிவர்ட்டை அழியுங்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சோதனை சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் அங்கே சோதனை இல்லை. கையால் செய்தால் சலிப்புதான், ஆனால் அரை மணி நேரத்தில் இது காட்டிக்கொடுக்கும் ஓட்டைகளைக் கவரேஜ் அறிக்கை ஒருபோதும் காட்டியதில்லை.

ஃபஸ்ஸிங் இருக்க சிம்பாலிக் கருவிகள் எதற்கு?

ஹால்மோஸ், எச்இவிஎம் போன்றவை மதிப்புகளைக் கொடுத்துப் பார்ப்பதில்லை, உள்ளீட்டைக் குறியீடாகவே வைத்து எல்லா மதிப்புகளுக்கும் சேர்த்து நிரூபிக்க முயலும். பைட்கோடின் மீது ஓடுவதால் அசெம்பிளி என்ற பாகுபாடு அவற்றுக்கு இல்லை. பிட் வித்தைகள், மாஸ்க்குகள், கிளையில்லா நிரல் ஆகியவற்றுக்கு இவை அற்புதம், நிதானப் பதிப்பும் வேகப் பதிப்பும் ஒன்றே என்று சில நொடியில் சொல்லிவிடும். 256 பிட் பெருக்கலும் வகுத்தலும் கலந்துவிட்டால் இரவெல்லாம் ஓடினாலும் முடியாது. லூப்புகளைக் குறிப்பிட்ட சுற்று வரைதான் பார்க்கும், ஹால்மோஸில் இயல்பு எல்லை 2 சுற்று. அதைக் கவனிக்காமல் நிரூபணம் ஆகிவிட்டது என்று கொண்டாடியவர்கள் உண்டு.

கம்பைலரையே சந்தேகப்பட வேண்டுமா?

கொஞ்சம். சாலிடிட்டி 0.8.13, 0.8.14 பதிப்புகளில், ஒரு அசெம்பிளி தொகுதியில் மெமரியில் எழுதி இன்னொன்றில் படித்தால், எழுதிய வரியைத் தேவையற்றது என்று ஆப்டிமைசர் நீக்கிவிடும் பிழை இருந்தது. 2022 ஜூனில் 0.8.15-இல் சரிசெய்தார்கள். ஆகவே டிப்ளாய் செய்யப்போகும் அதே பதிப்பு, அதே ஆப்டிமைசர் அமைப்பில் சோதியுங்கள். பதிப்பை மாற்றினால் மொத்தத்தையும் மறுபடி ஓட்டுங்கள்.

கேஸ் அளவையும் சோதனையில் வைக்கலாமா?

ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள், திடீர் ஏற்றம் தெரியும். ஒரே சோதனைக்குள் இரண்டாவது முறை தொட்ட ஸ்டோரேஜ் ஸ்லாட் 2100-க்குப் பதில் 100 கேஸ்தான் எடுக்கும் என்பதால், எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கூட்டல் 3 கேஸ், காலி ஸ்லாட்டில் முதன்முதலாக எழுதுவது 22,100 கேஸ். கூட்டலின் எல்லைச் சோதனையை நீக்குவதற்காக அசெம்பிளிக்குப் போனவர் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தொகுதியை அழித்துவிடுவதும் நடக்கும். அழித்த நிரலுக்குச் சோதனை தேவையில்லை.

கடைசியாக டிப்ளாய் செய்யும் முன்?

கையால் எழுதிய கான்ட்ராக்டில் கன்ஸ்ட்ரக்டரும் கையால் எழுதியதுதான். ஓடப்போகும் நிரலின் நீளத்தைத் தவறாகக் கொடுத்தால் வால் வெட்டுப்பட்ட பைட்கோடு சங்கிலியில் போய் உட்காரும். பாதி ஃபங்ஷன்கள் வேலை செய்யும், மீதி செய்யாது. ஆகவே எட்ச் சீட்கோடு மூலம் நிரலை நேராக ஒட்டிச் சோதிப்பதோடு நிறுத்தாமல், அசல் டிப்ளாய் வழியாகவும் ஒருமுறை போய், வந்த நிரலின் நீளமும் ஹாஷும் எதிர்பார்த்ததா என்று பாருங்கள். போகப்போகும் சங்கிலி எந்த இவிஎம் பதிப்பில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் ஷாங்காய் மேம்படுத்தலோடு வந்த, ஸ்டாக்கில் பூஜ்யத்தை வைக்கும் புஷ்-ஜீரோ ஆப்கோடு எல்லாச் சங்கிலியிலும் உடனே வந்துவிடவில்லை. சாலிடிட்டி 0.8.20 முதல் கம்பைலரும் அதைத் தானாகவே பயன்படுத்துகிறது. அந்தச் சங்கிலியின் ஃபோர்க்கை (அதன் நிலையின் உள்ளூர் நகலை) எடுத்து, அதன் பதிப்பையும் அமைப்பில் குறிப்பிட்டு ஓட்டினால், அங்கே போய் முழிக்க வேண்டியதை இங்கேயே முழித்துவிடலாம்.